ஜூனியர் ஹாக்கி அணிக்கு ஆள் எடுப்பது எப்படி: பக் இல்லாத நேரத்தைப் பாருங்கள்

எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மீன் வண்டியிலும் சர்பத் கடையிலும்தான் பார்க்க முடியும். கொழிஞ்சாம்பாறை. கேரளாவுக்குள் இருந்தாலும் வீட்டிலும் கடையிலும் தமிழ் பேசுகிற ஊர், பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே. பழைய ரைஸ் மில் ஒன்றின் நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தில்தான் பிள்ளைகளுக்கு இன்லைன் ஹாக்கி சொல்லித் தருகிறேன். ஐஸ் ஹாக்கிக்குத் தம்பி முறை இந்த ஆட்டம். ஸ்கேட்டில் பிளேடு இருக்கிற இடத்தில் ஒரே வரிசையாகச் சக்கரம், அங்கே கோலியோடு (கோல் காக்கிறவர்) ஆறு பேர் என்றால் இங்கே ஐந்து பேர். பந்துக்குப் பதில் ஸ்டிக்கால் அடிக்கிற தட்டை வட்டுக்குத்தான் பக் என்று பெயர். சில வருடங்களாக ஜூனியர் ட்ரயல்ஸில் செலக்டர் மேசையிலும் உட்காருகிறேன். முதல் இரண்டு வருடம் தப்புத் தப்பாகத்தான் ஆள் எடுத்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்ன தப்பு என்று கேட்டால், கோல் போட்டவனை எடுத்தேன். அவ்வளவுதான். மேசையில் இருக்கிற எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் கண் தானாகவே பக்கின் பின்னால் ஓடும். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐஸ் ஹாக்கி ஆட்டம் 20 நிமிஷம் வீதம் மூன்று பகுதி, மொத்தம் 60 நிமிஷம். நல்ல ஆட்டக்காரர் அதில் பதினைந்து இருபது நிமிஷம் களத்தில் இருப்பார், முக்கால் நிமிஷம் ஓடுவது, மாறி பெஞ்சில் உட்காருவது, மறுபடி இறங்குவது என்று. அந்த இருபது நிமிஷத்தில் பக் அவருடைய ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் நேரம் மொத்தமே ஒரு நிமிஷத்தை ஒட்டித்தான் வரும். மீதி நேரம் முழுக்க அவர் என்ன செய்கிறார் என்று பார்க்காமலேயே அவரை அணியில் எடுக்கிறோம் அல்லது வெளியே அனுப்புகிறோம்.

அதனால் என் முதல் வேலை இது: ட்ரயல்ஸில் ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் அவனை மட்டும் பார்ப்பேன், பக் எங்கே போனாலும் சரி. அது ரொம்பக் கஷ்டம், பழகத்தான் வேண்டும். கூட்டம் கத்தும், கோல் விழும், தலையைத் திருப்பக் கூடாது. அப்படிப் பார்த்தால்தான் தெரியும், எதிரணி பக்கை எடுத்துக்கொண்டு திரும்பும்போது யார் உடனே பின்னால் ஓடி வருகிறான், யார் "அய்யோ போச்சே" என்று ஸ்டிக்கைத் தரையில் தட்டிக்கொண்டு நிற்கிறான், பாஸ் வாங்க யார் காலியான இடத்துக்கு நகர்கிறான், யார் இருந்த இடத்திலேயே நின்று "இங்க போடு, இங்க போடு" என்று கூப்பிடுகிறான் என்பதெல்லாம்.

சரி, ட்ரயல்ஸுக்கு முன்னாடி செய்ய வேண்டியதுக்கு வருவோம். உங்களுக்கு எப்படிப்பட்ட அணி வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். எத்தனை பேர் என்பது அந்தந்தப் போட்டியின் சுற்றறிக்கையில் இருக்கும், அதைத் தாண்டி எந்தெந்த வேலைக்கு ஆள் என்பதுதான் கேள்வி. எல்லா இடத்துக்கும் ஸ்கோரரை எடுத்தால் மூன்று நாளில் அணி உடையும், ஒருத்தன் பாஸ் கொடுக்கவில்லை என்று இன்னொருத்தன் பேச மாட்டான். ஐஸ் ஹாக்கியில் மூன்று ஃபார்வர்டு, இரண்டு டிஃபென்ஸ் என்று வரிசை வரிசையாக இறக்குவார்கள், அதிலேயே முதல் இரண்டு வரிசைக்கு ஒரு விதமான ஆள், எதிரணியின் பெரிய ஆட்டக்காரர்களை அடக்க இன்னொரு விதமான ஆள், ஒருவர் பெனால்டியில் வெளியே போய் ஆள் குறைந்து நிற்கும்போது தாங்குவதற்கு வேறு ஆள். கோலி போக நாலு பேர் ஆடுகிற நம் ஆட்டத்திலும் இதே கதைதான், சின்ன அளவில்.

கை விஷயம் ஒன்றையும் அந்தத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்டிக்கில் எந்தக் கை கீழே இருக்கிறதோ அந்தப் பக்கம் அடிக்கிறவன் என்று சொல்வார்கள். கனடாவில் இடது கை கீழே வைத்து ஆடுகிறவர்கள்தான் அதிகம். நம் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையில் பழகியவர்கள், வலது கை தானாகக் கீழே போய்விடும். அப்புறம் பள்ளிக்கூடத்தில் சாதா ஹாக்கி ஆடியவன் வந்தால் அவனுக்கு வலப்பக்கம் மட்டும்தான் தெரியும், அந்த ஸ்டிக்கே ஒரு பக்கம்தான் தட்டை. இதனால் இடது பக்கம் டிஃபென்ஸுக்கு நிற்க இடது கை ஆட்டக்காரன் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஓரத்துப் பலகையை ஒட்டி வருகிற பக்கை அவன் நேராக நிறுத்துவான், வலது கைக்காரன் உடம்பைத் திருப்பிக்கொண்டு நிறுத்த வேண்டும், அந்த அரை நொடியில் எதிராளி வந்துவிடுவான். அதனால் கொஞ்சம் மெதுவான இடது கைப் பையனையும் நான் இரண்டாவது தடவை கூப்பிட்டுப் பார்ப்பேன்.

ட்ரயல்ஸ் ஒரு நாளில் முடியக் கூடாது. குறைந்தது இரண்டு நாள், முடிந்தால் நடுவில் ஒரு வாரம் விட்டு. முதல் நாள் காய்ச்சலோடு வந்தவனும் உண்டு, முதல் நாள் வெறியில் பறந்துவிட்டு அடுத்த வாரம் காணாமல் போகிறவனும் உண்டு. லடாக்கில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமை, குளங்கள் இயற்கையாக உறைகிற இரண்டு மூன்று மாதத்துக்குள் பயிற்சி, போட்டி, ஆள் எடுப்பு எல்லாம் முடிய வேண்டும். டேராடூனில் 2011 தெற்காசிய குளிர்காலப் போட்டிக்குக் கட்டிய ஐஸ் உள்ளரங்கம் பல வருடம் பூட்டியே கிடந்து, 2025-ல்தான் மறுபடி திறந்தது. இத்தனைக்கும் நடுவில்தான் நம் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி 2025-ல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது, லடாக், ஸ்பிதி பக்கத்துப் பிள்ளைகளை வைத்து. நமக்குப் பனி வேண்டாம், காய்ந்த தரை போதும். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மழையும் வந்தால் களத்தில் நிற்கவே முடியாது, அதனால் ட்ரயல்ஸை அந்த மாதங்களில் வைக்காதீர்கள். செப்டம்பரிலும் பார்த்து வையுங்கள், இந்தப் பக்கம் ஓணம் லீவு, அந்தப் பக்கம் காலாண்டுப் பரீட்சை, பாதிப் பேர் வர மாட்டார்கள்.

காலையில் வந்ததும் எல்லோருக்கும் நம்பர் ஒட்டிவிடுங்கள். பெயர் வேண்டாம், எந்த கிளப், எந்தப் பள்ளி, யார் மகன், எதுவும் வேண்டாம். செலக்டர்கள் மூன்று பேர் இருந்தால் மூன்று பேரும் தனித்தனியாக உட்கார வேண்டும், மதியம் வரை ஒருவருக்கொருவர் பேசக் கூடாது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மூத்த செலக்டர் ஒருவர் "அந்தப் பதினேழாம் நம்பர் நல்லா ஆடறான்ல" என்று டீ குடிக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மூன்று தாளிலும் பதினேழு மேலே ஏறிவிடும். முடிந்தால் உயரத்தில் உட்காருங்கள். நாங்கள் மில் மாடிப்படியில் உட்காருவோம், மேலிருந்து பார்த்தால் இடைவெளிகள் தெரியும், கீழே இருந்தால் கால்கள் மட்டும்தான் தெரியும்.

ஸ்கேட் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும், என் மேல்தான் தப்பு. மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன், வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான், பதினான்கு வயது. நேராக நன்றாக ஓடினான், ஆனால் திரும்பும்போதெல்லாம் கால் பிரண்டது, இரண்டு தடவை விழுந்தான். நான் பேப்பரில் "பேலன்ஸ் போதாது" என்று எழுதி வெட்டிவிட்டேன். சாயங்காலம் அவன் அம்மா என்னிடம் வந்து கோபமெல்லாம் படவில்லை, "ஏனுங்க மாஸ்டர், ஸ்கேட் அவனோட பெரியப்பா பையனோடதுங்க, ரெண்டு சைஸ் பெருசு, ரெண்டு சாக்ஸ் போட்டுத்தான் வந்தான்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் சரியான சைஸில் அவனைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து ட்ரயல்ஸ் ஆரம்பிப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் காலையும் குனிந்து பார்க்கிறேன், கட்டைவிரல் எங்கே முட்டுகிறது, கணுக்கால் ஆடுகிறதா, சக்கரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று. நாலைந்து ஜோடி ஸ்கேட் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், மாற்றிப் போடச் சொல்வேன். நல்ல ஸ்கேட் விலை ஏறிக் கிடக்கிற ஊரில் இதைச் செய்யாவிட்டால் நாம் தேர்ந்தெடுப்பது பையனை அல்ல, அப்பாவின் பர்ஸை.

அப்புறம் சோதனைகள். கோன் வைத்து நேரம் எடுப்பது நல்லதுதான், அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். முன்னால் முப்பது மீட்டர், பின்னால் அதே தூரம், எட்டு போட்டுக் கிராஸ்ஓவர் (வளைவில் ஒரு காலை மற்றதைத் தாண்டி வைத்துத் திரும்புவது), விசில் அடித்ததும் நிற்பது. இதில் எல்லோரும் முன்னால் ஓடுவதைத்தான் பார்க்கிறார்கள், நான் பின்னோக்கி ஓடுவதையும் இரண்டு பக்கமும் திரும்புவதையும் பார்ப்பேன். நம் பிள்ளைகள் வட்டமான ஸ்கேட்டிங் ட்ராக்கில் இடது பக்கமாகவே சுற்றிப் பழகியவர்கள், வலது பக்கம் கிராஸ்ஓவர் போடச் சொன்னால் முக்கால்வாசிப் பேருக்குக் கால் சிக்கும். சிக்கினால் வெட்ட வேண்டாம், இரண்டாம் நாள் கொஞ்சமாவது சரி செய்துகொண்டு வருகிறானா என்று பாருங்கள். அந்த ஒரு வாரத்தில் யாரும் கேட்காமலே வலது பக்கம் பழகிவிட்டு வருகிற பிள்ளையை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். ஐஸுக்குப் போகப் போகிறவன் என்றால் நிற்பதைத் தனியாகப் பாருங்கள். ஐஸில் பிளேடைக் குறுக்கே போட்டுச் சீவி நிற்கலாம், சக்கரம் அப்படிச் சீவாது, அதனால் இன்லைனில் நன்றாக நிற்கிறவனும் முதல் தடவை ஐஸில் நேராகப் பலகையில் போய் மோதுவான். பயந்துவிட வேண்டாம், சில நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

ஆட்டம் வைக்கும்போது முழுக் களத்தில் வைக்காதீர்கள். குறுக்கே பிரித்து மூன்றுக்கு மூன்று, இரண்டு நிமிஷம் வீதம். இடம் சின்னதானால் ஒளிய முடியாது, ஒவ்வொருத்தனுக்கும் பக் அடிக்கடி வரும், பக் போனதும் உடனே மாற வேண்டியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அணியை மாற்றுங்கள், ஒரே கிளப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டால் நல்ல ஜோடி ஒன்று அவர்களுக்குள்ளேயே பாஸ் போட்டு விளையாடும், இருவரில் யார் யாரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று தெரியாது. எங்கள் சிமெண்டில் பக் துள்ளும், அதனால் நாங்கள் பாதி நேரம் பந்து வைத்துத்தான் ஆடுகிறோம், தேர்வுக்கு அதுவும் போதும்.

பெஞ்சையும் பாருங்கள். தப்பு செய்துவிட்டு வந்து உட்காருகிறவன் அடுத்தவனைத் திட்டுகிறானா, தண்ணீரைக் குடித்துவிட்டு ஆட்டத்தைப் பார்க்கிறானா. மாறச் சொன்னதும் மாறுகிறானா அல்லது கேட்காத மாதிரி இன்னும் ஒரு சுற்று சுற்றுகிறானா. இதற்கெல்லாம் மார்க் போட முடியாது, ஆனால் நான் தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன். மூன்று புள்ளி விழுந்தவன் எவ்வளவு கோல் போட்டாலும் எனக்கு யோசனைதான்.

வயதுக்கு வருவோம், இதுதான் பெரிய பொறி. ஐஸ் ஹாக்கியில் உலக ஜூனியர் போட்டிகள் 20 வயதுக்குட்பட்டோர், 18 வயதுக்குட்பட்டோர் என்று நடக்கின்றன, கணக்கு பிறந்த வருடத்தை வைத்து. அதாவது ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு, நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருடம். கனடாவில் லெத்பிரிட்ஜ் என்ற ஊரில் ஒரு ஜூனியர் ஆட்டத்துக்குப் போனபோது, உளவியலாளர் ராஜர் பார்ன்ஸ்லியின் மனைவி பவுலா கையில் இருந்த ஆட்ட நிகழ்ச்சிப் புத்தகத்தைப் புரட்டினாராம், ஆட்டக்காரர்களில் இத்தனை பேர் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்திருக்கிறார்களே என்று அவருக்குத்தான் முதலில் தட்டியது. அதை வைத்து அவர்கள் 1985-ல் கட்டுரையே வெளியிட்டார்கள். காரணம் சாதாரணம்: எட்டு ஒன்பது வயதில் பத்து மாதம் பெரியவன் உயரமாக, பலமாகத் தெரிவான், அவனை நல்ல அணியில் போடுவார்கள், நல்ல அணியில் போட்டதால் நல்ல பயிற்சி, பதினாறு வயதில் அவன் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரன் ஆகிவிடுவான்.

நம் ஊரில் இதைச் செய்து பார்த்தால் சிரிப்பு வரும். என் தலைமுறையில் பாதிப் பேருக்கு மே மாதம்தான் பிறந்தநாள், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது தலைக்கு மேலே கையைச் சுற்றி அந்தப் பக்கத்துக் காதைத் தொட்டால் ஹெட்மாஸ்டரே ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்கொள்வார். இப்போது அப்படி இல்லை, பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. வயதைக் குறைத்துக் காட்டுகிறவர்களைப் பிடிக்க மணிக்கட்டு எக்ஸ்ரே எடுக்கும் முறையும் இந்திய விளையாட்டுகளில் வந்துவிட்டது. நான் செய்வது இது: கடைசிப் பட்டியல் போட்டதும் பிறந்த மாதத்தைப் பக்கத்தில் எழுதுவேன். எல்லாம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை என்று வந்தால், நாங்கள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, மீசையைப் பார்த்திருக்கிறோம் என்று அர்த்தம். வெட்டியவர்களில் அக்டோபர், நவம்பர், டிசம்பர் பிள்ளைகளை மறுபடி ஒரு மணி நேரம் ஆடவிடுவோம். போன தடவை அப்படித் திரும்ப வந்த ஒரு பெண் பிள்ளைதான் இன்று எங்கள் டிஃபென்ஸில் நம்பிக்கையான ஆள்.

கோலியை மற்றவர்களோடு சேர்த்து எடை போடாதீர்கள். அது வேறு தொழில். எத்தனை கோல் விட்டான் என்று எண்ணுவதில் பிரயோஜனம் இல்லை, முன்னால் இருக்கிற டிஃபென்ஸ் மோசமாக இருந்தால் தெய்வமே நின்றாலும் விடும். கோல் விழுந்த பிறகு அடுத்த ஷாட்டுக்கு எப்படி நிற்கிறான் என்று பாருங்கள். பக் பட்டுத் தெறித்தால் எந்தப் பக்கம் தள்ளுகிறான், பக்கவாட்டில் நகரும்போது கால்களுக்கு நடுவே வாசல் திறக்கிறதா, டிஃபென்ஸிடம் சத்தமாகப் பேசுகிறானா. முடிந்தால் கோலியாக ஆடிய ஒருவரை அரை நாளுக்காவது கூப்பிடுங்கள். உலக ஜூனியர் அணிகளே மூன்று கோலியைக் கூட்டிக்கொண்டு போகின்றன, நாம் ஒன்றை எடுத்துக்கொண்டு ரயில் ஏறி, அவன் வயிற்றுப்போக்கில் படுத்த கதையும் நடந்திருக்கிறது.

பெற்றோர்களைப் பற்றி நீளமாக எழுத ஆசை, வேண்டாம். வேலிக்கு வெளியே நின்று "ஷூட் பண்ணுடா" என்று கத்துகிற அப்பா இருந்தால் அந்தப் பையன் பாஸே போட மாட்டான், அவனுடைய உண்மையான ஆட்டம் உங்களுக்குத் தெரியாது. எதிரே டீக்கடைக்கு அனுப்பிவிடுங்கள். சிபாரிசு போன் வரும், கண்டிப்பாக வரும். நான் "நம்பர்தான் தெரியும் சார், பெயர் தெரியாது" என்று சொல்லிவிடுகிறேன், அது பொய்யும் இல்லை.

எல்லையில் இருக்கிற நமக்கு மட்டும் ஒரு தலைவலி உண்டு. வீடு கேரளா, பள்ளிக்கூடம் பொள்ளாச்சி அல்லது கோயம்புத்தூர். எந்த மாநிலத்துக்கு ஆடுவது? இரண்டு பக்கமும் ட்ரயல்ஸ் போய்ப் பார்த்துவிட்டு எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கலாம் என்று நினைப்பார்கள், அது பின்னால் பிரச்சினை ஆகும், முதலிலேயே உட்கார வைத்து முடிவு பண்ணச் சொல்லுங்கள். அப்புறம் பெயர். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பிறப்புச் சான்றிதழில் மலையாள உச்சரிப்பில் வேறு ஸ்பெல்லிங். நன்றாக ஆடிய பிள்ளை ஒன்று இதனால் ஒரு வருடம் வெளியே உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ட்ரயல்ஸ் முதல் நாளே மூன்று தாளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், திருத்தம் வேண்டுமென்றால் அட்சயா சென்டருக்கு (கேரளாவின் இ-சேவை மையம்) அன்றே அனுப்புங்கள்.

கடைசியாகச் செலக்டர்கள் கூடும்போது, மூன்று தாளிலும் இருக்கிற நம்பர்களைப் பற்றிப் பேசி நேரம் போக்காதீர்கள், அவர்கள் உள்ளே. மூன்றிலும் இல்லாதவர்கள் வெளியே. ஒருவர் தாளில் மேலேயும் இன்னொருவர் தாளில் கீழேயும் இருக்கிற ஆறேழு பேரைப் பற்றி மட்டும் பேசுங்கள், "நீ எதைப் பார்த்தாய்" என்று கேளுங்கள். அங்கேதான் சண்டை வரும், வரட்டும். செல்போனில் எடுத்த வீடியோவை அப்போது போட்டுப் பார்க்கலாம்.

எடுக்காதவர்களிடம் நேரில் சொல்லுங்கள், நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு ஓடாதீர்கள். 1960 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணியிலிருந்து கடைசி நேரத்தில் வெட்டப்பட்டவர் ஹெர்ப் ப்ரூக்ஸ். இருபது வருடம் கழித்து 1980-ல் அவரே கோச்சாக, கல்லூரிப் பையன்களை வைத்து சோவியத் அணியை 4-3 என்று ஜெயித்து, தங்கமும் வாங்கினார். அந்த அணியிலும் கடைசியாக ஒருவரை அவர் வெட்டத்தான் வேண்டியிருந்தது. நான் ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு விஷயம் சொல்கிறேன்: எது பிடித்திருந்தது, எதைப் பழகிக்கொண்டு வர வேண்டும். "வலது கிராஸ்ஓவர், பின்னோக்கி ஓட்டம்" என்று தெளிவாக. "இன்னும் நல்லா ஆடணும் கண்ணு" என்று சொன்னால் அதில் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. சொல்லும்போது அப்பா அம்மா பக்கத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் கதை மாறிவிடும்.

ரிசர்வ் இரண்டு பேருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள், அவர்களும் திங்கள்கிழமை முதல் அணியோடுதான் பயிற்சி. எங்கள் களத்தில் என்றால் காலை ஆறு மணி, காற்று எழுவதற்கு முன்னாடி. வரும்போது ஒரு பழைய துணி கொண்டு வரச் சொல்லுங்கள், மில் பக்கம் என்பதால் தவிட்டுத் தூசி பேரிங்கில் அப்பிக்கொள்ளும்.